பையருக்கு இப்படி அனுப்புவீர்களா?

வாசகர் கடிதம்: "ஐயா, எனக்கு வயது 34. ஊர் சென்னிமலைப் பக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில், துணி வாங்கும் பையர்களின் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். ஆறு வருடமாகக் கதை எழுதுகிறேன். 14 சிறுகதைகளும் ஒரு நாவலும் கைவசம் உள்ளன. எட்டுப் பத்திரிகைகளுக்கு அனுப்பினேன், ஒருவரும் பதில் போடவில்லை. போன் செய்தால் எடுப்பதில்லை. கொங்குப் பேச்சில் எழுதுவதால் ஒதுக்குகிறார்களா? ஒரு பதிப்பகம் 45,000 ரூபாய் கொடுத்தால் புத்தகம் போட்டுத் தருவதாகச் சொல்கிறது. கொடுக்கலாமா? கதையைத் திருடிவிடுவார்கள், முதலில் காப்புரிமை பதிவு செய்துகொள் என்கிறார் நண்பர். புனைபெயர் வைத்துக்கொள்ளலாமா? நான் அனுப்பிய மின்னஞ்சலையும் கதையையும் அப்படியே இணைத்திருக்கிறேன். எங்கே தப்பு என்று சொல்லுங்கள்."

அன்புள்ள தம்பி,

கதையை ஓரமாக வைத்துவிட்டு முதலில் உங்கள் மின்னஞ்சலைத்தான் பார்த்தேன். பொருள் என்ற இடம் காலி. பெறுநர் இடத்தில் எட்டுப் பத்திரிகைகளின் முகவரியும் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொருவரும் மற்ற ஏழு பேர் யார் என்று பார்த்துக்கொள்ளலாம். உள்ளே மூன்றே வரி: "கதை அனுப்பியுள்ளேன். படித்தால் கண்ணீர் வரும். எந்த இதழில் வரும் என்று தெரிவிக்கவும்." வணக்கம் இல்லை, பெயர் இல்லை. இணைப்பின் பெயர் "கதை பைனல் நியூ 2". கூடவே கொடிவேரி அணையில் கூலிங்கிளாஸ் போட்டு நிற்கும் உங்கள் படம் ஒன்று.

நம் கொங்குப் பக்கத்தில் இடுப்பில் இருக்கும் குழந்தையையே "வாங்க, சாப்பிடுங்க" என்று கூப்பிடுகிறவர்கள் நாம். அந்த மரியாதை மின்னஞ்சலில் எங்கே போயிற்று?

நீங்கள் மெர்ச்சண்டைசர் என்று படித்ததும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இதையெல்லாம் நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. ஆர்டர் வந்ததும் என்ன செய்கிறீர்கள்? லேப் டிப் என்று சாயம் தோய்த்த மாதிரித் துணியை எடுத்து, நிற மாதிரிகள் இருக்கும் ஷேட் கார்டோடு வைத்துப் பார்த்து, ஒரு பொட்டு மங்கலாக இருந்தாலும் சாயப்பட்டறைக்குத் திருப்பி அனுப்புகிறீர்கள். அளவு பார்க்கத் தைக்கும் ஃபிட் சாம்பிளுக்கு அளவுச் சீட்டு வைக்கிறீர்கள். எந்த ஸ்டைல், துணியின் எடை என்ன ஜிஎஸ்எம், எத்தனையாவது முறை அனுப்புகிறீர்கள் என்று டேக் கட்டுகிறீர்கள். நூல் பிசிறு வெட்டாத சாம்பிளைப் பையருக்கு அனுப்பினால் முதலாளி உங்களைச் சும்மா விடுவாரா? ஒரு பையருக்குச் செய்த சாம்பிளை எட்டு பையருக்கு ஒரே நேரத்தில், எட்டுப் பேர் பெயரையும் போட்டு அனுப்பியிருக்கிறீர்களா? எவனோ ஒருவன் போட்டுக் கழற்றும் டி சர்ட்டுக்கு இவ்வளவு செய்கிற நீங்கள், ஆறு வருடம் ராத்திரி முழித்து எழுதிய கதையை மட்டும் பிசிறோடு அனுப்பியிருக்கிறீர்கள்.

சரி, இணைப்பைத் திறந்தேன். முதல் நான்கு பக்கம் ஒன்றும் புரியவில்லை. டிடிபி கடையில் பாமினி எழுத்துருவில் அடித்து வாங்கியிருக்கிறீர்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் 'அம்மா' என்ற சொல், நான்கு ஆங்கில எழுத்தும் நடுவில் ஓர் அரைப்புள்ளியுமாகத் தெரியும். அந்த நான்கு பக்கமும் அப்படித்தான் இருந்தது. என்னிடம் எழுத்துருவை மாற்றும் மென்பொருள் இருக்கிறது, மாற்றிப் படித்தேன். பத்திரிகை ஆசிரியர் அதைச் செய்ய மாட்டார். சிறுபத்திரிகை என்றால் பெரும்பாலும் ஒரே ஆள்தான். அவரும் பகலில் வேறு வேலைக்குப் போய்விட்டு வந்து ராத்திரி பத்து மணிக்கு அறுபது மின்னஞ்சலைத் திறக்கிறவர். மூடிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். உங்களைப் பழிவாங்க இல்லை, தூக்கம் வருகிறது.

ஐந்தாம் பக்கத்திலிருந்து யுனிகோட். போனில் பேசிப் பதிவு செய்திருக்கிறீர்கள் போல. 'ஏனுங்க' என்பது பதினொரு இடத்தில் 'ஏன் உங்க' என்று விழுந்திருக்கிறது. பள்ளிக்கூடத்தின் மேல் பல்லி உட்கார்ந்திருக்கிறது. குரலில் எழுதுவதை நான் குறை சொல்லவில்லை, பஸ்ஸில் போகும்போது எனக்கும் அதுதான் வசதி. ஆனால் போன் கேட்டதை அப்படியே அனுப்பக் கூடாது. அச்செடுத்து, பேனாவை வைத்துக்கொண்டு, வாய்விட்டுப் படித்துத் திருத்துங்கள். திரையில் தெரியாத பிழை காகிதத்தில் தெரியும். முடிந்தால் தமிழ்99 விசைப்பலகையைப் பழகிவிடுங்கள். 1999இல் அரசு தரப்படுத்தியது, ஒரு மாதத்தில் கை வந்துவிடும்.

மற்றபடி கோப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதற்குப் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. யுனிகோடில் வேர்ட் கோப்பு, 12 புள்ளி எழுத்து, ஒன்றரை இடைவெளி, பக்க எண், முதல் பக்கத்தில் தலைப்பும் உங்கள் பெயரும் போன் எண்ணும். கோப்புக்குக் கதையின் பெயரையும் உங்கள் பெயரையும் வையுங்கள். அலங்கார எழுத்து, பார்டர், ரோஜாப்பூ எதுவும் வேண்டாம். பக்கம் பக்கமாகப் போட்டோ பிடித்து வாட்ஸப்பில் அனுப்புவது வேண்டவே வேண்டாம்.

பக்க எண் என்று சொன்னதும் என் கதை ஞாபகம் வந்துவிட்டது. எனக்கு அப்போது 25 வயது, வருடம் 1998. ஒரு நாவல் எழுதி, வெள்ளைத்தாளில் இரண்டு பக்கமும் நெருக்கி எழுதி, சணல் கயிற்றால் கட்டி, சேரன் எக்ஸ்பிரஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு சென்னைக்குப் போனேன். பதிப்பகத்தில் பெரியவர் மரியாதையாக உட்கார வைத்தார். கயிற்றைப் பிரித்தார். தலைக்கு மேல் மின்விசிறி. ஒரே சுழற்றில் 150 தாள் அறை முழுக்கப் பறந்தது. பொறுக்கி எடுத்துக் கையில் கொடுத்துவிட்டு, "பக்க எண் போடலையா தம்பி?" என்றார். போடவில்லை. சாயங்காலம் வரை அவர் அலுவலகத் தரையில் உட்கார்ந்து எந்த வரிக்கு அப்புறம் எந்த வரி என்று தேடினேன். நான் எழுதிய நாவலை என்னாலேயே வரிசைப்படுத்த முடியவில்லை. டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். நகலும் வைத்திருக்கவில்லை. அந்த நாவல் அதோடு போயிற்று. அடுத்த சில வருடத்தில் கோவையில் பிரதி திருத்தும் வேலைக்கு வந்தேன், இன்றைக்கும் எந்தக் கட்டு வந்தாலும் கை முதலில் பக்க எண்ணைத்தான் தேடுகிறது.

இனி கடிதம். நாலைந்து வரி போதும். உங்கள் 'நுரை' கதைக்கு நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

"வணக்கம். 'நுரை' என்ற என் சிறுகதையை இணைத்துள்ளேன். சுமார் 1,900 சொற்கள். இதுவரை அச்சிலோ இணையத்திலோ வெளியானதில்லை, வேறு எங்கும் பரிசீலனையிலும் இல்லை. ஒரத்துப்பாளையம் அணைக்குப் பக்கத்தில் வளர்ந்தவன், திருப்பூரில் பின்னலாடைத் துறையில் வேலை பார்க்கிறேன். உங்கள் முடிவைத் தெரிவித்தால் மகிழ்வேன். நன்றி."

கீழே பெயர், முகவரி, போன் எண். அவ்வளவுதான். கண்ணீர் வருமா வராதா என்பதைப் படிப்பவர் பார்த்துக்கொள்வார். சாம்பிளோடு "இது ரொம்ப நல்ல பனியன்" என்று சீட்டு வைப்பீர்களா? அணைக்குப் பக்கத்தில் வளர்ந்தவன் என்ற வரி மட்டும் இருக்கட்டும். அது கதைக்குத் தேவையான தகவல். படம் கேட்டால் அனுப்புங்கள், முகம் தெரிகிற மாதிரி.

'வெளியானதில்லை' என்ற சொல்லில் கவனம் வேண்டும். முகநூலில் போட்டுப் பத்துப் பேர் லைக் போட்டிருந்தாலும் பல பத்திரிகைகளுக்கும் போட்டிகளுக்கும் அது வெளியான கதைதான். ஒரே கதையை ஒரே சமயத்தில் எட்டு இடத்துக்கு அனுப்பாதீர்கள். இரண்டு பத்திரிகையில் ஒரே மாதம் வந்துவிட்டால் இரண்டு ஆசிரியர்களும் அதற்கப்புறம் உங்கள் பெயரைப் பார்த்ததுமே தாண்டிவிடுவார்கள். உங்களிடம் 14 கதை இருக்கிறதே, எட்டுப் பத்திரிகைக்கு எட்டுக் கதையாகப் பிரித்து அனுப்பியிருக்கலாம். அதற்கு முன்னால் அந்தப் பத்திரிகையின் கடைசி மூன்று இதழையாவது வாங்கிப் படியுங்கள். ஒரு பக்கக் கதை போடுகிற வார இதழுக்கு நீங்கள் ஒன்பது பக்கம் அனுப்பியிருக்கிறீர்கள். அளவு தெரியாமல் துணி வெட்டுவார்களா?

ஒரு நோட்டுப் போடுங்கள். எந்தக் கதை, எங்கே, எந்தத் தேதி, என்ன பதில். மூன்று மாதம் பொறுங்கள். அப்புறம் இரண்டு வரியில் ஒரு நினைவூட்டல். அதற்கும் பதில் இல்லையென்றால், "இந்தக் கதையை வேறு இடத்துக்கு அனுப்பிக்கொள்கிறேன்" என்று ஒரு வரி எழுதிவிட்டு அனுப்புங்கள். ராத்திரி ஒன்பதரைக்கு ஐந்து முறை போன் அடித்ததாகக் கடிதத்தின் பின்பகுதியில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஷிப்மென்ட் அன்றைக்கு உங்களுக்கு அப்படி வரும் போனை நீங்கள் எப்படிப் பார்ப்பீர்கள் என்று யோசியுங்கள், மேலே நான் சொல்ல வேண்டியதில்லை.

கொங்குப் பேச்சினால் ஒதுக்குகிறார்களா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' வந்தது 1942இல். இந்த மண்ணின் பேச்சு அச்சேறி எண்பது வருடத்துக்கு மேல் ஆயிற்று. உங்கள் கதையில் எனக்கு உறுத்தியது வேறு. விருந்தாளியை முதல் பக்கத்தில் 'ஒறம்பரை' என்கிறீர்கள், மூன்றாம் பக்கத்தில் 'ஒரம்பரை', ஆறாம் பக்கத்தில் 'உறம்பரை'. ஒரே துணியில் மூன்று ஷேட். படிக்கிறவர் இது வட்டார வழக்கா எழுத்துப் பிழையா என்று தடுமாறுவார், ஆசிரியர் பிழை என்றே முடிவு கட்டுவார். ஒரு தாள் எடுத்து, நீங்கள் புழங்கும் வட்டாரச் சொற்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எந்த எழுத்து என்று முடிவு பண்ணி எதிரே ஒட்டி வையுங்கள். அதுதான் உங்கள் ஷேட் கார்டு. பெருமாள்முருகன் தொகுத்த 'கொங்கு வட்டாரச் சொல்லகராதி' பக்கத்தில் இருந்தால் நல்லது. ஆனால் அம்மாவைப் பெற்ற உங்கள் அமுச்சி வேறு மாதிரி சொல்லியிருந்தால் அமுச்சி சொன்னதையே வையுங்கள், முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை அதையே வையுங்கள்.

இன்னொன்று. பொடக்காலி, இட்டேரி, வட்டல், நோம்பி என்று ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் அடைப்புக்குறி போட்டு அர்த்தம் கொடுத்திருக்கிறீர்கள். எடுத்துவிடுங்கள். "வட்டலில் சோற்றைப் போட்டு முன்னால் வைத்தாள்" என்றால் திருநெல்வேலிக்காரருக்கும் வட்டல் என்னவென்று தெரிந்துவிடும்.

கதை எனக்குப் பிடித்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். கிழவர் விடிகாலையில் சாயக்கழிவு கலந்த அணைத் தண்ணீரில் விரலை விட்டு மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, வேட்டியில் துடைக்காமல் மண்ணில் துடைக்கிற இடத்தில் நான் ஒரு நிமிடம் நிறுத்திவிட்டேன். ஆனால் அதே பக்கத்தில், 2009இல் கோர்ட் உத்தரவு வந்து பட்டறைகளை மூடினார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது 2011 ஜனவரியில். திருப்பூரில் அந்த மாதத்தை யாரும் மறக்கவில்லை. நீங்களே அந்த ஊரில் வேலை பார்த்துக்கொண்டு தேதியைச் சரிபார்க்காமல் விட்டிருக்கிறீர்கள். இந்த ஒரு தப்பைப் பார்த்த ஆசிரியருக்குக் கிழவரின் விரல் மீதும் சந்தேகம் வந்துவிடும். ஆண்டு, அரசாணை, அணை, பஸ் ரூட், கடவுளின் பெயர், பயிரின் பருவம் எதுவானாலும் தொட்டுப் பார்த்துச் சரிபார்த்த பிறகு அனுப்புங்கள்.

திருட்டு பயத்துக்கு வருகிறேன். காப்புரிமை என்று பலரும் எழுதுகிறோம், ஆனால் கண்டுபிடிப்புக்கு வாங்குவதற்கும் அதே சொல்தான் புழங்குகிறது. நமக்குரியது பதிப்புரிமை. 1957ஆம் வருடச் சட்டப்படி நீங்கள் எழுதி முடித்த கணமே அது உங்களுடையது. பதிவு கட்டாயம் இல்லை. உங்கள் வாழ்நாளும் அதற்குப் பின் 60 ஆண்டும் அது இருக்கும். நீங்கள் அனுப்பிய மின்னஞ்சலே தேதியோடு ஒரு சாட்சி. புதியவர் கதையைத் திருடி ஒரு பத்திரிகை ஆசிரியருக்கு ஆகப்போவது என்ன? என் அனுபவத்தில் எழுத்தாளர்கள் உரிமையை இழந்தது பெரும்பாலும் திருட்டில் அல்ல, படிக்காமல் போட்ட கையெழுத்தில்.

அதனால் அந்த 45,000 ரூபாய் விஷயத்தில் கொஞ்சம் நிற்கிறேன். காசு கொடுத்துப் புத்தகம் போடுவது பாவம் ஒன்றும் இல்லை. ஆனால் அதற்கு நம் ஊரில் என்ன பெயர்? ஜாப் ஒர்க். நூல் நம்முடையது, நிட்டிங்காரர் ஓட்டிக் கொடுப்பார், கூலி வாங்கிக்கொள்வார், துணி நம் வீட்டுக்கு வரும். இங்கேயும் நூல் உங்களுடையது, இரண்டு அர்த்தத்திலும். அப்படியானால் புத்தகம் முழுக்க உங்களிடம் வர வேண்டும், உரிமை உங்களிடமே இருக்க வேண்டும். கூலியும் வாங்கிக்கொண்டு, துணியையும் அவர்களே வைத்துக்கொண்டு, 20 பிரதி மட்டும் தருகிறேன் என்றால் எந்த முதலாளி ஒத்துக்கொள்வார்?

கணக்கும் போட்டுப் பாருங்கள். உங்கள் 14 கதையும் சேர்ந்து சுமார் 27,000 சொல். டெம்மி என்ற புத்தக அளவில் பக்கத்துக்கு 230 சொல் என்று வைத்தால், முன்பக்கங்களோடு 128 பக்கம் வரும். 16 பக்கம் ஒரு பாரம், ஆக எட்டுப் பாரம். எட்டுப் பாரம், இத்தனை பிரதி, இன்ன தாள், இன்ன அட்டை என்று சொல்லி, ஈரோட்டிலோ கோவையிலோ இரண்டு அச்சகத்தில் விலை கேளுங்கள். அப்புறம் 45,000 அதிகமா குறைவா என்று உங்களுக்கே தெரியும். புத்தகத்தின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னுக்குத் தனியாகக் காசு கேட்டால் காரணம் கேளுங்கள். இந்தியாவில் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதை இலவசமாகத் தருகிறது, எழுத்தாளரே விண்ணப்பிக்கலாம்.

ஒப்பந்தம் இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும் என்று சட்டத்தின் 19ஆம் பிரிவு சொல்கிறது. எத்தனை வருடம் என்று எழுதவில்லையென்றால் ஐந்து வருடம் என்றும், எந்தப் பரப்புக்கு என்று எழுதவில்லையென்றால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் கொள்ளப்படும். வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய, அது காலாவதியாகிவிடும். "அனைத்து உரிமைகளும், எல்லா வடிவங்களிலும், நிரந்தரமாக" என்று ஒரு வரி இருந்தால் பேனாவை மூடி வையுங்கள். மொழிபெயர்ப்பு, மின்நூல், ஒலிநூல், சினிமா ஒவ்வொன்றும் தனித்தனி உரிமை, தனித்தனியாகப் பேசலாம். ராயல்டி எத்தனை சதவீதம், விலையிலா வரவிலா, வருடத்தில் எந்த மாதம் கணக்கு என்பதும் அதில் இருக்கட்டும்.

என்னைக் கேட்டால் இப்போதைக்கு 45,000த்தைக் கொடுக்க வேண்டாம். ஐந்து கதையாவது பத்திரிகையில் வரட்டும். சிறுபத்திரிகை பல சன்மானம் தராது, உண்மைதான். ஆனால் பிரசுரமான ஐந்து கதையோடு தொகுப்பை அனுப்பினால் பதிப்பாளர் எடுத்துப் பார்ப்பார். நாவலை அனுப்பும்போது முழுவதையும் தூக்கிப் போடாமல், ஒரு பக்கக் கதைச்சுருக்கமும் முதல் மூன்று அத்தியாயமும் அனுப்பி, மீதி வேண்டுமா என்று கேளுங்கள். சுருக்கத்தில் முடிவையும் சொல்லிவிட வேண்டும். பதிப்பாளரிடம் சஸ்பென்ஸ் வைக்காதீர்கள்.

எந்தப் பதிப்பகம் உங்களுக்கு ஒத்துவரும் என்று தெரிந்துகொள்ள, 2005லிருந்து மக்கள் சிந்தனைப் பேரவை நடத்தும் ஈரோடு புத்தகத் திருவிழாவுக்கு ஆகஸ்டில் ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். சென்னிமலையிலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரம்தான். யார் புது எழுத்தாளரைப் போடுகிறார்கள், தாள் எப்படி, கட்டு பிரிகிறதா, பிழை எத்தனை என்று கையில் எடுத்துப் பாருங்கள். அங்கே போய்க் கைப்பிரதியை நீட்டாதீர்கள். ஸ்டாலில் நிற்பவர் பில் போட வந்தவர். உங்கள் கட்டு அவர் காலடியில் காலி அட்டைப்பெட்டியோடு கிடக்கும். முகவரியை மட்டும் குறித்துக்கொண்டு வந்து, அடுத்த மாதம் எழுதுங்கள்.

ஒரு கதையை ஏற்றுக்கொண்டு திருத்தம் போட்டு அனுப்பினால் அன்றைக்கே கோபமாகப் பதில் எழுத வேண்டாம். இரண்டு நாள் கழித்துப் படியுங்கள். பத்துத் திருத்தத்தில் எட்டை ஒத்துக்கொண்டு, விட முடியாத இரண்டுக்குக் காரணம் சொல்லி எழுதினால் பெரும்பாலும் அந்த இரண்டும் உங்கள் இஷ்டப்படி நடக்கும். கொடுத்த தேதிக்குத் திருப்பி அனுப்புங்கள். தேதி தவறினால் என்ன ஆகும் என்று ஏர் ஷிப்மென்ட் செலவைப் பார்த்த உங்களுக்குத் தெரியாததா?

கடைசியாகப் புனைபெயர். தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஒன்றே ஒன்று. கதையின் மேல் புனைபெயரைப் போட்டாலும், கடிதத்தின் அடியில் வங்கிக் கணக்கில் இருக்கிற பெயரை எழுதிவிடுங்கள். என் முதல் சன்மானம் 300 ரூபாய்க் காசோலையாக, நான் ஆசை ஆசையாக வைத்துக்கொண்ட புனைபெயருக்கு வந்தது. வங்கி மேலாளர் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இவரைக் கூட்டிட்டு வாங்க, மாத்தித் தர்றேன்" என்றார்.